நான் மிதித்த பிரேக்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் யார் எதைக் கேட்டாலும் தெரியும் என்று தலையை ஆட்டிவிடுவேன். (பெண் பார்க்க வந்தவர்களிடம், "பொண்ணுக்குக் கார் ஓட்டக்கூடத் தெரியும்" என்று எங்கப்பா வேறு அடித்துவிட்டிருந்தார். பாளையங்கோட்டையில் சில நாள் ஓட்டுநர் பயிற்சிக்குப் போனது வாஸ்தவம். சொல்லிக்கொடுத்தவர் பக்கத்தில் இருந்தபடி எல்லாவற்றையும் அவரே மிதித்துக்கொண்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊர் பார்த்தேன்.)

சீவலப்பேரியில் என் மாமனார் வாடகை வேன் வைத்திருந்தார். கொழுந்தனுக்குத் திசையன்விளையில் பெண் முடிவாகி, நிச்சயத்துக்கு அந்த வேனில்தான் எல்லோரும் கிளம்ப வேண்டும். அன்று காலையில் மாமா வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு செல்வம் அண்ணாச்சி வந்தார். முந்தின நாள் வேனுக்குப் பின்னால் பைக்கில் வந்தாராம். பிரேக் விளக்கு எரியாததால், கொஞ்சம் விட்டிருந்தால் வேனுக்குள்ளேயே புகுந்திருப்பாராம். நல்ல காரியத்துக்குப் போகும்போது எவனாவது பின்னால் வந்து இடித்தால் என்ன ஆவது? மாமா உடனே இரண்டு பக்கமும் புது பல்பு மாட்டினார்.

"ஏம்மா, உள்ள ஏறி பிரேக்க மிதி. எரியுதான்னு பாப்போம்."

என் வீட்டுக்காரர் பூ வாங்க டவுனுக்குப் போயிருந்தார். மாப்பிள்ளையோ முகத்தில் எதையோ அப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். கார் ஓட்டத் தெரிந்தவள் நான்தான் மிச்சம். ஏறிக் குனிந்து பார்த்தால் கீழே மூன்று மிதிகள். கேட்டிருக்கலாம். ஆனால் என் ஸ்கூட்டியில் நான் பிடிக்கும் பிரேக் இடது பக்கம் இருக்கும். வேனிலும் இடது பக்கம் இருப்பதுதானே நியாயம்? இடது ஓரத்தில் இருந்ததை அழுத்தி மிதித்தேன்.

"எரியல" என்றார் மாமா, பின்னாலிருந்து.

வேறு பல்பு மாட்டினார். மிதித்தேன். ஃபியூஸை மாற்றினார். மிதித்தேன். செல்வம் அண்ணாச்சி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உதவிக்கு வந்தார். இந்த ஒயர்தான் கோளாறு என்று ஒன்றை அறுத்தார். அது இல்லை என்று தெரிந்ததும் அடுத்ததை அறுத்தார். பின்விளக்குகள் இரண்டும் பிடுங்கிப்போட்ட கண்களைப் போலத் தொங்கின. நான் மிதிப்பது போதவில்லையோ என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நின்று மிதித்தேன். பிள்ளைக்குக் கால் வலிக்குமே என்று மாமா இரக்கப்பட்டார். பரவாயில்லை மாமா என்றேன், தியாகியைப் போல.

அத்தை காப்பி கொண்டுவந்தார். டம்ளரை நீட்டியவர் என் காலையே பார்த்தார்.

"ஏட்டி, எத மிதிக்கே?"

"பிரேக்கத்தான் அத்தை."

"அது கிளட்சுல்லா."

பையத்தான் சொன்னார். ஆனால் அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. வேனுக்குப் பின்னாலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நடுவுல உள்ளத மிதிம்மா" என்றார்.

மிதித்தேன். இப்போது நிஜமாகவே எரியவில்லை. முதல் பல்பு மாட்டியபோதே பிழைத்துவிட்ட விளக்கை, காலை முழுவதும் பாடுபட்டு நாங்கள் மூன்று பேரும் கொன்றிருந்தோம். எந்த ஒயர் எதோடு சேரும் என்பது அண்ணாச்சிக்கு மறந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஒரு மெக்கானிக் கடையும் திறந்திருக்காது. நல்ல நேரம் வேறு காத்திருக்காது.

கடைசியில் மாமாவே வழி சொன்னார். பின் இருக்கையில் ஓர் ஆள் சாலையைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும். வேன் ஓட்டும் மாமா "பிரேக்கு" என்று குரல் கொடுத்ததும் கண்ணாடியில் சிவப்புத் துணியைக் காட்ட வேண்டும். அந்த ஆள் யார் என்று யாரும் கேட்கக்கூட இல்லை. பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாகத் திசையன்விளை வரைக்கும் நான்தான் பிரேக் லைட். (சிவப்புத் துணி அத்தையின் பழைய உள்பாவாடையிலிருந்து கிழித்தது. அதைப் பற்றி விரிவாக எழுத விருப்பமில்லை.)

நாங்குநேரி தாண்டியதிலிருந்து ஒரு கார் எங்களை விடாமல் தொடர்ந்து வந்தது. உள்ளே இருந்தவர் கையை ஆட்டினார். மரியாதைக்கு நானும் துணியை ஆட்டினேன். அந்தக் கார் பெண் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. இறங்கியவர் பெண்ணின் தாய்மாமன். தட்டு மாற்றுவதற்குச் சற்று முன்னால் மாமாவிடம் பணிவாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, மூத்த மருமவ கட்சியில இருக்காவளோ?"

சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் மாமனார் வாய் தவறிக்கூடப் பொய் சொல்லாதவர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சும்மா ஒரு ஈடுபாடுதான்" என்றார்.

நிச்சயம் நல்லபடியாக நடந்தது. அந்தத் தாய்மாமன் தேர்தல் வந்தால் இன்றைக்கும் எனக்குப் போன் போட்டு, இந்தத் தடவை நிலவரம் எப்படி என்று கேட்கிறார். நானும் பிறகு முறையாகக் கற்று லைசென்ஸ் வாங்கிவிட்டேன். மூன்று மிதிகளும் தூக்கத்தில்கூடத் தெரியும். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. போன வாரம் அத்தையை மூட்டுவலிக்காக ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் வலியில்லாத காலை வெகுநேரம் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். வெளியே வந்ததும் அத்தை சொன்னார்:

"நல்ல மனுசன்தான். ஆனா கிளட்ச மிதிக்காரு."