முகத்தை இழுத்துத் தைத்துக்கொண்டேன்

என் கணவர் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் அடி வாங்கியிருக்கிறார். அதுவும் என் முக அழகுக்காக. (அழகு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான்.)

2008-ஆம் வருடம் எனக்கு நாற்பத்தேழு வயது. கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கணவர் சேகர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஆனால் அவர் முகத்துக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. ஒரு முடி நரைக்காமல், காலேஜ் பையன் மாதிரி ஒல்லியாக இருப்பார். எனக்கோ கன்னம் இரண்டும் தொங்கி, தாடைக்குக் கீழே பை விழுந்திருந்தது. எங்கள் மகளின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நீங்க பொண்ணோட அப்பாவுக்கு அக்காவா? அம்மா எங்க, காணோமே?"

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. கோடை விடுமுறையில், "சென்னைல பத்து நாள் டிரெயினிங்" என்று வீட்டில் புளுகிவிட்டு, அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஃபேஸ்லிஃப்ட் செய்துகொள்ளப் பெயர் கொடுத்தேன்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "காதுக்கு முன்னாலயும் பின்னாலயும் வெட்டி, உள்ள இருக்கற சதையத் தூக்கித் தைப்போம். மூஞ்சி வீங்கும். ரத்தம் கட்டி கழுத்து வரைக்கும் கறுக்கும். காது மாசக்கணக்குல மரத்துக் கெடக்கலாம். உள்ள ரத்தம் சேர்ந்தா திரும்பத் தொறக்க வேண்டியிருக்கும். எல்லாம் சரியா வந்தா ஒரு பத்து வயசு கொறஞ்ச மாதிரி தெரியும்."

எனக்குக் கடைசி வாக்கியம் மட்டும் கேட்டது. (இருபது வருடமாகப் பிள்ளைகளை 'பாடத்தைக் கவனி' என்று அதட்டியவள் நான்.)

"கூட யாரும்மா வந்திருக்கா?" என்றாள் நர்ஸ்.

"வீட்டுக்காரர் சாயந்திரம் வந்துடுவாரு."

படிவத்தில் அவருடைய செல் நம்பரின் கடைசி எண்ணை மாற்றி எழுதினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்த அன்று மாலையே வலது கன்னம் தேங்காய் மூடியைக் கவிழ்த்த மாதிரி எழும்பியது. உள்ளே ரத்தம் சேர்ந்துவிட்டது. மறுபடியும் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நர்ஸ் போனைக் காதில் வைத்தபடி கூடவே வந்தாள். "ஹலோ, சேகர் சாருங்களா? ராங் நம்பரா?"

அப்போதுதான் உறைத்தது. நான் செத்துப்போனால் சேதி முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்குப் போகும். என் கணவரோ, கடலூரில் இட்லி மாவு தீர்ந்துபோச்சே என்ற கவலையில் இருப்பார். சரியான நம்பரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மயக்க மருந்து முந்திக்கொண்டது.

பிழைத்தேன். புத்திதான் வரவில்லை. நான்காம் நாள் அவரே போன் செய்தார். வீங்கிய உதட்டோடு, "ஷாப்டிங்களா?" என்றேன்.

"வாயில என்னா, பஜ்ஜியா?"

"ஆமாங்க. டீ பிரேக்."

பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணாடியில் ஊதா, பச்சை, மஞ்சள் எல்லாம் இருந்தன. நான் மட்டும் இல்லை. தலையோடு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கடலூர் வந்தது. எழுந்திருக்கக் கால் வரவில்லை. சிதம்பரத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். வீக்கம் வடியும்வரை அங்கே இருக்கலாம் என்று திட்டம்.

அண்ணன் முன்கோபி. கதவைத் திறந்தவர் துப்பட்டாவை விலக்கிப் பார்த்தார். "யாரு கை வச்சது?"

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேண்ணா."

அண்ணி அழ ஆரம்பித்துவிட்டார். "அடி வாங்கற எல்லாப் பொம்பளையும் அதத்தான் சொல்லுவா."

உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் சம்பந்தி வீடு அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெருவில். விஷயம் அங்கே போய்விட்டால்? தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலையை அவர்கள் தங்களுக்குத் தோன்றியபடி படித்துக்கொண்டார்கள். அண்ணன் போனில் கத்தினார்: "மாப்ள, ஒடனே கெளம்பி இங்க வாங்க!"

இரண்டு மணி நேரத்தில் சேகர் வந்தார். செருப்பைக் கழற்றி உள்ளே காலை வைத்ததும் கன்னத்தில் விழுந்தது அறை. மூக்குக்கண்ணாடி பறந்து சுவரில் மோதி உடைந்தது. அவர் அண்ணனைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஐயோ, இன்னா ஆச்சு ஒனக்கு? போன எடத்துல வண்டி கிண்டி மோதிச்சா?"

"இன்னும் நடிக்கிறியா?" அண்ணன் மறுபடியும் கையை ஓங்கினார். அண்ணி குறுக்கே பாய்ந்தார். அதற்குப் பிறகுதான் என் வாய் திறந்தது.

"அவரு இல்லண்ணா. நானேதான். ஃபேஸ்லிஃப்ட்டு."

"என்னாது லிஃப்டு?"

"வயசு கொறச்சலா தெரியணும்னு மூஞ்சிய இழுத்துத் தச்சிக்கிட்டேன்." காதுக்குப் பின்னால் இருந்த தழும்பைக் காட்டினேன்.

அண்ணன் குனிந்து அதை உற்றுப் பார்த்தார். "தைக்கறதுக்கு மூஞ்சி என்னா ரவிக்கையா?" என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, சேகரின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சேகர் ஒன்றுதான் கேட்டார். "நான் எப்பனா ஒன்ன கெழவின்னு சொல்லியிருக்கனா?"

சொன்னதில்லை. அதன்பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

கல்யாணத்துக்குள் வீக்கம் வடிந்தது. கன்னமும் காதும் மட்டும் மரத்தே கிடந்தன. மகளை வழியனுப்பும்போது உள்ளுக்குள் கதறினேன், முகம் ஒத்துழைக்கவில்லை. "பெத்த பொண்ணு போவுது, மூஞ்சில ஒரு அசைவு இருக்கா பாரு" என்று மாப்பிள்ளையின் அத்தை பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது, மரத்துப்போன காதிலும் தெளிவாக விழுந்தது.

அந்த அறை விழுந்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் வழுக்கி விழுந்தாலும், டாக்டருக்கு முன்னால் சிதம்பரத்து மாமாவுக்குத்தான் போன் போகும்: "மாமா, நெஜமாவே வழுக்கிட்டேன், யாரையும் அடிச்சிடாதீங்க." இப்போது பேரப்பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள்.

2011-இல் சேகரே பாத்ரூமில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பார்க்க வந்த அண்ணனிடம், "மச்சான், ஒங்க தங்கச்சிதான் அடிச்சிட்டா. ஒரு அறை வுட்டுட்டுப் போங்க" என்றார். வீடே சிரித்தது. நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன்.

எல்லோரும் போன பிறகு, மாவுக்கட்டுப் போட்ட கையைச் சட்டைக்குள் நுழைத்து அவருக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். அவர் முகத்தில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு மிச்சம் இருந்தது.

"அன்னிக்கு ஒங்கண்ணன் ரெண்டாவது தபா கை ஓங்கற வரைக்கும் நீ வாயத் தொறக்கல. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பொத்தானைப் போட்டேன்.