பெல்லு சார் இறக்கிய காலி கேஜ்

ஆப்ஷன் மென்பொருளைத் தரையில் தவழ்ந்து பரிசோதித்தவர் இந்தியாவிலேயே எங்கள் பெல்லு சார் ஒருவர்தான். நடந்தது இது:

1. என் கம்ப்யூட்டர் மேசையில் மூன்று தட்டுத் தட்டினார்.
2. மேசைக்கு அடியில் போனார்.
3. பிளக்கைப் பிடுங்கினார்.
4. முதலாளி காபியைத் தன் வேட்டியிலேயே கொட்டிக்கொண்டார்.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடிய 2001ஆம் வருடம்தான் பங்குச் சந்தையில், பங்கைக் குறித்த விலைக்குப் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷன் வியாபாரமும் வந்தது. ராபர்ட்சன்பேட்டை ஷேர் ஆபீஸ் ஒன்றில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஆப்ஷன் விலையைக் கணக்கிட்டு ஆர்டர் போட இரண்டு மென்பொருள்கள் சோதனைக்கு வந்திருந்தன. ஒன்று கல்யாண வீடு மாதிரி வண்ணமயம். மற்றது மழைநாள் மாதிரி சாம்பல். நான் கைகாட்டுவதை நம்பித்தான் கடைத்தெரு வியாபாரிகள் திங்கட்கிழமை சந்தையில் இறங்க இருந்தார்கள்.

பெல்லு சார், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டான கேஜை மணிச் சத்தம் கேட்டு இயக்கியவர். மூன்று மணி அடித்தால் ஆள் ஏறுகிறார்கள். ஒன்று என்றால் நிறுத்து. ஓட்டலில் சாம்பார் போதும் என்பதற்கும் ஒரே தட்டுதான். நிறுத்தாத சர்வர் ஊருக்குப் புதிது. சுரங்கம் மூடிய பிறகு பெல்லு சார் எங்கள் ஆபீசுக்குத் தினமும் முதல் ஆளாக வருவார். ஒரு ஷேர் வாங்கியதில்லை. கருத்துக்கு மட்டும் குறைவில்லை. ஆனாலும் அவர் தலையாட்டாமல் வியாபாரிகள் எதையும் தொடமாட்டார்கள்.

"கிறுக்கு புடிச்சிச்சா பெல்லு?" என்றார் முதலாளி, வேட்டியைப் பிழிந்தபடி.

"ஷிப்ட் எறங்கறதுக்கு முன்னாடி காலி கேஜ் உட்டுப் பாப்போம்ல? கீய எல்லாக் கேஜும் போவும். மேல வருதான்னு பாரு."

"கரண்ட் போனா இன்னா ஆவும்னு என் லிஸ்ட்லயே இருக்கு சார். ஒன்பதாவது," என்றேன்.

"ஒன்பதாவதா? அதுக்குள்ள ஆளு எறங்கிட்டாங்கம்மா."

சரி, ஒன்பதை ஒன்றாக்கினேன். இரண்டிலும் பயிற்சி ஆர்டர்கள் போட்டுப் பிளக்கைப் பிடுங்கினோம். மறுபடி செருகியதும், வண்ண மென்பொருள் கையில் எதுவுமே இல்லை என்று சிரித்தது. அதை நம்பினால் வாங்கியதையே மறுபடி வாங்குவார்கள். சாம்பல் மெதுவாக எழுந்து, போட்ட ஆர்டர்கள் அத்தனையையும் காட்டியது.

சாம்பல்தான் என்று எழுதிக்கொடுத்தேன். பெல்லு சார் தலையாட்டவில்லை. "பெல்லே இல்லியேம்மா. ஆர்டர் ஓடிச்சா, நின்னுச்சா, எப்பிடித் தெரியும்?"

திரையில் எழுத்து வரும் என்றேன். கேஜ் இறங்கும் ஷாப்ட் குழி இருட்டில் யார் எழுத்துப் படித்தார்கள் என்று கேட்டார். பெல் இல்லாவிட்டால் நாங்களும் இல்லை என்று வியாபாரிகள் எழுந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஆர்டர் முடிந்ததும் கம்ப்யூட்டர் மூன்று முறை ஒலிக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன்.

திங்கட்கிழமை முதல் ஆர்டருக்கு அது ஒலித்தது. பெல்லு சார் கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம், "எறங்குங்கப்பா," என்றார். இறக்குவதற்குச் சுரங்கத்தில் ஆளில்லாத அந்த வருடத்தில், அவர் இறக்கிய ஷிப்ட் அதுதான்.

அதற்குப் பிறகு மென்பொருள்கள் பல மாறிவிட்டன. ஒவ்வொன்றையும் முதலில் பிளக்கைப் பிடுங்கித்தான் பார்க்கிறேன். அந்த மூன்று மணியை எடுத்துவிடச் சொல்லி இளவட்ட வியாபாரிகள் நச்சரிக்கிறார்கள். எடுக்கவில்லை.