ரூபி குலுக்கிய கல்யாண பஸ்

புதிதாக ஒரு வித்தை படித்தவன் கையில் வீட்டுக் கல்யாணத்தைக் கொடுக்கவே கூடாது. 2011-இல் என் கையில் கொடுத்தார்கள்.

திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலை. ரூபி என்ற கணினி மொழி படித்து மூன்று மாதம் (வாயில் வேறு பேச்சே வராது). தங்கைக்குத் தக்கலையில் கல்யாணம், எங்கள் ஊர் கோட்டாறிலிருந்து இரண்டு பஸ். சிக்கல் என்னவென்றால், பத்து வருடத்துக்கு முன் ஒரு விருந்தில் அம்மாவின் அண்ணனான மாமா மேற்பார்வை பார்க்க, அப்பாவின் அக்காவான அத்தையின் இலைக்குப் போளி வரவில்லை. அன்றோடு அப்பா பக்கம், அம்மா பக்கம் என்று குடும்பமே இரண்டாகிவிட்டது.

“ரெண்டு பக்கத்தையும் கலந்து இருத்துலே. கோஷ்டி சேந்தா எல்லாம் கொளம்பிரும்,” என்றார் அப்பா.

“கம்ப்யூட்டர் குலுக்கும்பா, ஒருத்தரும் குத்தம் சொல்ல முடியாது!”

அப்பா பக்கத்துக்கு ஒரு பட்டியல், அம்மா பக்கத்துக்கு ஒன்று. இரண்டையும் ஒரு பெரிய பட்டியலுக்குள் வைத்து ‘ஷஃபிள்’, அதாவது குலுக்கு, என்றேன். பத்து முறை பார்த்தேன். முதல் பெயர் ஒரு தடவை அத்தை, ஒரு தடவை மாமா. ஆஹா, மேதை! (மேதைகள் இரண்டாவது பெயரைப் பார்ப்பதில்லை.) ரூபி வெளிப்பட்டியலைத்தான் குலுக்கும், உள்ளே இருப்பவற்றைத் தொடாது. இரண்டு கோஷ்டிகளையும் இடம் மாற்றியதோடு சரி. நான் தாளைப் படிக்காமலே முதல் பாதியை ஒரு பஸ்ஸிலும் மீதியை இன்னொன்றிலும் ஒட்டினேன்.

காலையில் அம்மா பக்கம் முழுவதும் புது பஸ்ஸில். அப்பா பக்கம் முழுவதும் ஓட்டை பஸ்ஸில்.

“ஒனக்க கம்ப்யூட்டரும் அம்மைக்க ஆளுதானாலே? நான் வரல்ல!” என்றாள் அத்தை.

“எக்கா, நீ இல்லாம என்ன கல்யாணம்?” என்று அப்பா கண்கலங்கினார். மணக்கோலத்தில் தங்கை அழுது, மை கன்னத்துக்கு இறங்கியது. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. கடைசியில் தங்கைக்காக மட்டும் அத்தை ஏறினாள்.

வில்லுக்குறி தாண்டியதும் ஓட்டை பஸ்ஸின் டயரில் ஆணி. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம். பின்னால் வந்த புது பஸ்ஸிலிருந்து மாமா குதித்து இறங்கினார்.

“எல்லாரும் இதில ஏறுங்க. நம்ம பிள்ளைக்க கல்யாணம்லா!”

தன் இடத்தையே அத்தைக்குக் கொடுத்தார். யார் மடியில் யார் பிள்ளை என்று தெரியாத நெரிசல். கொஞ்ச நேரத்தில் அத்தை நகர்ந்து உட்கார்ந்து, “இப்பிடி இரிங்க அத்தான்,” என்றாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாலி நேரத்துக்கு ஏறியது.

உள்பட்டியல்களைப் பிரித்து, ஒரே வரிசையாக்கிவிட்டுத்தான் குலுக்க வேண்டும் என்று அடுத்த வாரம் தெரிந்துகொண்டேன்.

இன்றும் வீட்டில் விசேஷம் என்றால் அத்தை முந்திக்கொள்வாள்: “லிஸ்டெல்லாம் நீ எழுதாண்டாம் மக்கா. பஸ்ஸுக்கு மட்டும் சொல்லு. ஆளக் கலக்கதுக்கு நான் ஆணி கொண்டாறேன்.”