வாய்க்கட்டு மாமாவின் புதினா சாக்லேட்

அடுப்படியில் நின்றவர் யாராக இருந்தாலும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது கரண்டியை நக்கியிருப்பார். நக்காத ஒரே பிறவியை எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் திருத்தணியில் அவருக்குப் பக்கத்துப் போர்ஷனில் ஆறு வருஷம் குடியிருந்தேன்.

பெயரைச் சொன்னால் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. வாய்க்கட்டு மாமா என்றால் போஸ்ட்மேனே கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார். மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்த குடும்பம். சாமிக்குப் படைக்கும்முன் ருசி பார்க்கக் கூடாது, எச்சில் தெறிக்கக் கூடாது என்று வாயைத் துணியால் கட்டிக்கொண்டு சமைப்பவர். சரி, அது மலைமேல். முட்டி தேய்ந்து, படியேற முடியாமல் வீட்டோடு வந்த பிறகும் இந்த மனுஷன் துணியை அவிழ்க்கவில்லை. காபி போடவும் கட்டு, அப்பளம் சுடவும் கட்டு. புதிதாக வந்த சிலிண்டர்காரர் ஒருவர் இவரைக் கொள்ளைக்காரன் என்று நினைத்து, சிலிண்டரைத் தெருவிலேயே உருட்டிவிட்டு ஓடிப்போனார்.

"ருசி பாக்காம உப்பு எப்படி மாமா சரியா விழுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாக்கு நாளுக்கு ஒண்ணு சொல்லும்மா. கை அப்படி இல்லை. நாப்பது வருஷத்துல இந்தக் கை ஒரு தடவை தப்பினதுண்டா? மலையில போய்க் கேளுங்கோ!"

கேட்க வேண்டியதே இல்லை. அவர் கொடுத்தனுப்பும் ரசத்துக்காகவே நான் அந்த ஒழுகல் வீட்டை விட்டு நகரவில்லை.

ஆனால் பொல்லாத மனுஷன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் வத்சலா. அவள் அரக்கோணத்து ரயில்வேக்காரர் ஒருவரைத் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு ஜாதி. அன்றைக்கு அவள் பெயரைச் சொல்வதை நிறுத்தியவர் ஏழு வருஷம் வாயைத் திறக்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறி இறங்கும் வத்சலா எங்கள் தெரு வழியாக வந்து அவர் ஜன்னலுக்கு எதிரே நிற்பாள். இவர் படாரென்று ஜன்னலைச் சாத்துவார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்போது தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். மாலை வேளையில் ஒரு வார இதழுக்குப் பலகாரக் குறிப்பு எழுதுவேன். ஒன்றையும் செய்து பார்த்ததில்லை. லைப்ரரி ஆங்கிலப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக மெஷினில் அடிப்பேன். அடித்ததைத் திரும்பப் படிக்கிற வழக்கமும் கிடையாது. அப்படியொரு திமிர்.

ஒருநாள் ஏதோ சர்ட்டிபிகேட்டுக்காக மாமாவின் மருமகன் ஆபீசுக்கு வந்தார். "அக்கா, பாப்பா 'தாத்தா எங்க, தாத்தா எங்க'ன்னு கேட்டுகினே கீதுக்கா. ஞாயித்துக்கெழம அதுக்குப் பொறந்தநாளு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன். சாக்லேட்டுன்னா அதுக்கு உசுரு. எதுனா வாங்கிகினு வந்து நின்னாப் போதும், வத்சலா கோவம் தணிஞ்சிடும்."

சொன்னேன். மாமா எழுந்துபோய், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லாத நேரத்தில், ஜன்னலைச் சாத்தினார். மூன்றாம் நாள் என் குறிப்பு வந்த இதழைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"கடைச் சாக்லேட்டெல்லாம் வேண்டாம். இந்தப் புதினா சாக்லேட் உருண்டை போட்டிருக்கேளே, இதைக் குழந்தை சாப்பிடுமோ?"

"தாராளமா சாப்பிடும் மாமா."

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "கோகோத் தூள், வெண்ணெய், சுண்டின பால், புதினாச் சாறு... சர்க்கரையைக் காணோமே?"

"அதெல்லாம் கோகோத் தூள்லயே இருக்கும். இங்கிலீஷ் பலகாரம் உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"கோச்சுக்காதேங்கோ. போட்டபடியே செஞ்சுடறேன்."

கோகோத் தூளைச் சென்னையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை விடியற்காலையில் குளித்து, வாயைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். உருண்டை இறுக ஃபிரிட்ஜ் வேண்டுமே? வீட்டுக்காரம்மாவிடம் போய், உள்ளே இருந்த முட்டையையெல்லாம் வெளியேற்றி, மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைக்கச் சொன்னார்.

"இன்னா சாமி, ஐஸ் பொட்டிக்குக் கூடவா மடி?" என்று அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் துடைத்தாள்.

நெல்லிக்காய் அளவு என்று நான் எழுதியிருந்தேன். எலுமிச்சம்பழம் அளவில் பன்னிரண்டு பிடித்தார். "ஒண்ணு குடுங்க, ருசி பாக்கலாம்" என்று கையை நீட்டினேன். சட்டென்று டப்பாவை மூடினார்.

"குழந்தைக்குன்னு செஞ்சது. அது வாயிலதான் முதல்ல போகணும்." சாமிக்குச் சொல்லும் அதே குரலில் சொன்னார்.

மறுநாள் லோக்கல் ரயிலில் இரண்டு பேரும் அரக்கோணம் போனோம். மருமகன் "வாங்க மாமா, வாங்க!" என்று வாசலுக்கே ஓடி வந்தார். வத்சலா உள்ளே சுவரோரம் நின்றாள். கண் கலங்கியிருந்தது. மாமா ஓர் உருண்டையை எடுத்துப் பேத்தி வாயில் வைத்தார்.

குழந்தை கடித்தது. முகம் கோணியது. தூவென்று துப்பிவிட்டு, "அய்ய... கசக்குதும்மா!" என்று அழுதது.

வத்சலா தரையில் கிடந்ததை எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். "ஏழு வருஷம் கழிச்சு, குழந்தை பொறந்தநாளுக்குக் கசப்பைக் கொண்டுவந்திருக்கியா?"

மாமா பதறிப்போய் ஓர் உருண்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு பல்லெல்லாம் கறுத்துப்போய், "கை தப்பிடுத்தும்மா" என்றார்.

"உன் கையா? தப்பாதுன்னு சொல்லிச் சொல்லித்தானே என்னை வளர்த்தே? தெரிஞ்சுதான் செஞ்சிருக்கே. எடுத்துண்டு போப்பா!"

'தப்பு என்னுடையதம்மா' என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்திரிகையில் பெயர் போட்டு எழுதுகிறவள், சொல்ல வெட்கமாக இருந்தது. பேசாமல் நின்றேன், பாவி!

ரயில் லேட். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து மாமா மிச்சத்தைத் தின்ன ஆரம்பித்தார்.

"எதுக்கு மாமா? தூக்கிப் போடுங்க!"

"குழந்தைக்குன்னு செஞ்சதை எறியக் கூடாது."

நானும் ஒன்று எடுத்தேன். வேப்பெண்ணெயில் புதினா அரைத்ததுபோல இருந்தது. மற்றதையெல்லாம் ரயில் வருவதற்குள் அவரே தின்றுவிட்டார். டிக்கெட் பரிசோதகர் அந்தக் கறுத்த வாயைப் பார்த்து மிரண்டு, டிக்கெட் கேட்காமலே நகர்ந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் லைப்ரரி புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு வரி தாண்டி அடித்திருந்தேன். ஓடிப்போய்ச் சொன்னேன். "அங்கேயே தெரிஞ்சுது. விடுங்கோ, பத்திரிகையில உங்க பேரு கெட்டுடும்" என்றார். அன்று ராத்திரியும் ரசம் கொடுத்தனுப்பினார், உப்பு கச்சிதமாக.

இரண்டு வருஷத்தில் மாமா போய்விட்டார். வத்சலா வந்தாள், எட்டவே நின்றாள், அழாமல் போனாள். அப்போதும் எனக்கு யாரோ வாயைக் கட்டிவிட்டதுபோலத்தான் இருந்தது.

இந்த இதழ் அரக்கோணத்துக்கும் வருகிறது. வத்சலா, உங்கப்பா கை தப்பவே இல்லையம்மா. தப்பியது என் கை. விட்டுப்போன வரி இதுதான்: பொடித்த சர்க்கரை, ஒன்றரை கப்.