டீ நிறத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை

ஒரு காட்டில், மயில் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை அடித்துக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை உடும்பு ஆய்வாளர் வாலால் தட்டி நிறுத்தினார்.

"என்னய்யா, தாள் இவ்வளவு வெள்ளையா இருக்கு?"

அச்சகக்கார முள்ளம்பன்றிக்குப் பெருமை தாங்கவில்லை. காசுக்கு அச்சடிப்பது எதுவானாலும் பழைய தாளை அரைத்துச் செய்த தாளில்தான் அடிக்க வேண்டும் என்று அரசு உத்தரவு. அதற்காக அது காடெல்லாம் அலைந்து சுவரொட்டிகளைக் கிழித்துவந்து, ஊறவைத்து, அரைத்து, அலசிக் காயவைத்திருந்தது.

"முழுக்கப் பழசு சார். போன தேர்தல் சுவரொட்டி. முகமெல்லாம் போற வரைக்கும் அலசினேன்."

"பழசுன்னா பழசு மாதிரி இருக்க வேண்டாமா? இப்போ என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

பழைய உடும்பு மாதிரிதான் தெரிந்தது.

"நாளைக்கு வருவேன். ஒழுங்கான தாள் இல்லேன்னா கதவுக்கு சீல்."

அவர் போனதும், பத்திரிகை வாங்கக் காத்திருந்த பெண்ணின் அம்மா மயிலம்மா பிடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை முகூர்த்தம்யா! பொண்ணுக்குத் தோகை இல்லைன்னு மாப்பிள்ளை வீட்டுல ஏற்கெனவே முணுமுணுப்பு. இதுல பத்திரிகையும் இல்லேன்னா?"

முள்ளம்பன்றி பக்கத்து டீக்கடைக்கு ஓடியது.

"கரடியண்ணே, ஒரு அண்டா டீ. ஸ்ட்ராங்கா."

"யாருக்குடா அவ்வளவு?"

"தாளுக்கு."

முதலில் அலசிய தாளையே டீயில் முக்கியது. பாவம், அது மறுபடியும் கூழாகிவிட்டது. பரணில், உத்தரவுக்கு முன்பு வாங்கிய புத்தம்புது மூங்கில் தாள் கிடந்தது. அது தாங்கியது. காய்ந்தபோது அதற்கு ஒரு வயதும் அனுபவமும் வந்திருந்தன.

மறுநாள் ஆய்வாளர் ஒரு தாளை எடுத்து முகர்ந்தார். கண் பனித்தது.

"இது தாள்! நாலு பேர் கசக்கி எறிஞ்ச மாதிரி இருக்கு பாரு. நேத்தே காட்டுறதுக்கு என்ன?"

முத்திரை குத்தினார்.

"டீ நாத்தம் அடிக்குதே," என்றாள் மயிலம்மா.

"சர்க்கார் முத்திரை இருக்கும்மா."

"அப்படியா? அதை எல்லாப் பத்திரிகையிலும் பிள்ளையார் சுழிக்குப் பக்கத்துலயே குத்தச் சொல்லு. சம்பந்தி வாயை மூடட்டும்."

முள்ளம்பன்றி இயந்திரத்தை ஓட்டியது. ஆய்வாளர் குத்தி முடித்ததும், மேசையில் முக்காமல் மிஞ்சிக் கிடந்த, அலசிய வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து நகத்தில் ஒட்டிய மையைத் துடைத்து, கசக்கி மூலையில் எறிந்தார்.

நீதி: காட்டைக் காப்பாற்ற நினைப்பவர்கள் டீக்கடைக்குப் பக்கத்தில் குடியிருக்க வேண்டும்.