ஐந்நூறாவது ஆள்

காலை எட்டு மணிக்கு ஏரிமேட்டில் ஓர் ஆள் குறைந்துபோனார்.

வேறு நாளாக இருந்தால் ஊர் கூடி அழுதிருக்கும். இன்றைக்கா போக வேண்டும்? பத்து மணிக்கு அதிகாரி தலை எண்ண வருகிறார். ஐந்நூறு பேர் இருந்தால் ஊருக்கு ரேசன் கடை. ஒன்று குறைந்தாலும் கிடையாது. நேற்று ஷைனிக்குப் பெண் குழந்தை பிறந்து கணக்கு சரியாக ஐந்நூறைத் தொட்டிருந்தது. இன்று பார்த்துத் தாமோதரன் தாத்தா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"ரெண்டு மணி நேரம் தாங்கக் கூடாதா இந்த மனுசன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஊர் நலச்சங்கச் செயலாளர் வரலட்சுமி.

எண்ணூர்ப் பக்கம், மூன்று புறம் ஏரி, நாலாம் புறம் ஏதோ ஒரு கம்பெனியின் மதில்; இவ்வளவுதான் ஏரிமேடு. ரேசன் அரிசிக்கு அந்த மதிலை ஒட்டியே நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். போன மழையில் மட்டும் அரிசி மூட்டையோடு வழுக்கி விழுந்து இடுப்பொடிந்தவர்கள் மூன்று பேர். மனு எழுதி எழுதியே வரலட்சுமிக்குப் பதினோரு வருடம் போயிருந்தது.

தாத்தாவின் மனைவி ரமாபாயிடம் ஓடினாள்.

"பெரிம்மா, பன்னெண்டு மணி வரைக்கும் அழாத. உன் கால புடிச்சிக்கிறேன்."

"கட்டுனவன் பூட்டான், வாய மூடிக்கினு குந்தச் சொல்றியாடி?"

"அரிசிக்கு நீதான பெரிம்மா நடக்கற?"

ரமாபாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

தாத்தாவுக்குச் சட்டை மாட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் ஏரியைப் பார்க்க உட்காரவைத்தார்கள். சரியாமல் இருக்க இடுப்பில் ஒரு துண்டுக் கட்டு. வரலட்சுமி மூச்சு விட்டாள்.

ரமாபாய் எட்டு மணிக்கே தம்பிக்குப் போன் போட்டுவிட்டது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒன்பதே முக்காலுக்கு வியாசர்பாடியிலிருந்து தம்பி பீம்ராவ் வேனில் வந்து இறங்கினார். ஆளுயர மாலை, நாலு மேளம். அடி தூள் பறந்தது. வேனுக்குப் பின்னாலேயே அதிகாரியின் ஜீப்.

"என்னம்மா மேளம்?" என்றார் அதிகாரி குணசேகரன்.

"தாத்தாவுக்கு எழுபத்தஞ்சாவது பொறந்த நாளு சார்" என்றாள் வரலட்சுமி.

"அந்தம்மா ஏன் அழறாங்க?"

"சந்தோசம் தாங்கல சார்."

பீம்ராவ் வரலட்சுமியின் காதருகே பல்லைக் கடித்தார். "எம்மாமா செத்துக் கெடக்குறாரு, கேக்கு வெட்டச் சொல்றியா?"

"இன்னும் ஒரு மணி நேரம்ணே. அப்பால என்னச் செருப்பால அடி."

சனியன் அதோடு விடவில்லை. அதிகாரிக்கு மனசு இளகிவிட்டது. "பெரியவர்கிட்ட ஆசீர்வாதம் வாங்கிக்கறேன்" என்று மாலையை வாங்கித் தானே போட்டு, குனிந்து காலைத் தொட்டார்.

"கால் ஜில்லுனு இருக்கே?"

"ஏரிக் காத்து சார்."

"ஒண்ணும் பேச மாட்டேங்கறாரே?"

"காது கேக்காது சார்."

அதிகாரி தலையாட்டிக்கொண்டு வீடு வீடாக எண்ணினார். வேனில் வந்தவர்களைக் கவனமாக ஒதுக்கினார். கடைசியில் நாற்காலியிடம் திரும்பி வந்து, "தாமோதரன், எழுபத்தைந்து, நேரில் பார்த்தேன்" என்று எழுதி, ஐந்நூறு என்று கையெழுத்துப் போட்டு ஜீப் நின்ற தெருமுனைக்கு நடந்தார்.

கடை வந்துவிட்டது. வரலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. பிணத்தைக் காட்டி அரிசி வாங்கும் நிலைமைக்கு ஊரைக் கொண்டுவந்துவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது. மண்ணிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். ரமாபாயும் வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டாள்.

ஜீப் டிரைவர் ஜஹாங்கீர் மட்டும் நாற்காலியை விட்டு நகராமல் நின்றார்.

"ஏம்மா, இவுரு மவுத்தாயிட்டாரு தான?"

வரலட்சுமி துள்ளி எழுந்தாள். "அண்ணே, சாராண்ட சொல்லிடாதீங்க. பேஜாராயிடும்."

"நான் இன்னாத்துக்கு சொல்லப்போறேன்? எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இவுரு செத்து நாலு வருசமாச்சு. 'நான் உசுரோட கீறேன்'னு மாசாமாசம் வருவாரு, 'வூட்ல சொல்லாதப்பா, பயந்துக்குவா'ம்பாரு. ஒரு தபாகூட சாரப் பாக்க உள்ள வுடல. இன்னிக்குத்தாம்மா சார் நேர்ல பாத்து, உசுரோடதான் கீறார்னு கையெழுத்து போட்டாரு."