மாமன் குடிக்காத காபி

ஆம்பூரில் அத்தனை பேருக்கும் மாமன் ஆன ஒரே வெள்ளைக்காரர் அவர்தான். பெண் கொடுக்கவில்லை, எடுக்கவில்லை, ஒரே வார்த்தையில் உறவாகிவிட்டார்.

அமெரிக்காவிலிருந்து ஆட்டுத்தோல் வாங்க வந்தவர். அவர் ஊரில் பாட்டு வாத்தியார். வேதக்கோயில் பாட்டுக்குழுவை நடத்தி, மெட்டும் போடுவாராம். "பின்ன எதுக்குத் தோல் வாங்க வந்தீங்க?" என்று கேட்டால், "பாட்டு சோறு போடலே" என்பார்.

எங்கள் வேதக்கோயில் உபதேசியார், "நீங்க எந்த சபை?" என்று விசாரித்தார். அவர் நெஞ்சில் கை வைத்து, "நான் மார்மன்" என்றார். அப்படியொரு சபை இருப்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

"மாமனா? யாருக்கு?"

"யார் கேட்டாலும் சொல்வேன்!"

தீர்ந்தது கதை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் நடக்கும் அறுப்பின் பண்டிகைக்கு, அதாவது அறுவடைப் பண்டிகைக்கு, தன் புது மெட்டை எங்களைப் பாட வைக்கிறேன் என்று கிளம்பினார். பண்டிகைக்கு மறுநாளே அவர் கப்பலேற மதராசுக்குப் போக வேண்டும். அதனால் அந்த ஞாயிறை விட்டால் அந்தப் பாட்டுக்கு வேறு நாளே இல்லை. ஆளுக்கொரு குரலில் பாட வேண்டுமாம். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்க்கும் நாங்கள் எட்டுப் பேர் கீழ்க்குரலில் உறுமினோம். எங்கள் தெரு எஸ்தர் அக்காவின் குரல் மேலே எங்கேயோ போனது. உபதேசியார் அலறியடித்து ஓடி வந்தார்.

"இன்னாப்பா சண்டை?"

"சண்டை இல்லீங்க ஐயா, பாட்டு."

"ஒண்ணா பாடித் தொலைங்களேன்!"

"ஆமா, ஒண்ணாதான்!" என்று மாமன் பூரித்துப் போனார். யாருக்கு என்ன புரிந்ததோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

இந்த நேரத்தில்தான் எஸ்தர் அக்கா அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவருக்கென்றே தூள் வாங்கிக் காபி போட்டாள். அவரோ கும்பிட்டு, "வேணாம்" என்றுவிட்டார். அடுத்த வீட்டிலும் வேணாம். அதற்கடுத்த வீட்டிலும் வேணாம். எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் எங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போவதை நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். இவரும் அந்த ரகம்தானா என்று தெருவே கொதித்தது. சனிக்கிழமை ஒத்திகைக்கு நான் ஒருத்தன்தான் போனேன்.

"எல்லாரும் எங்கே?" என்றார். அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

"எங்க காபி ஆவாது, எங்க பாட்டு மட்டும் ஆவுமா?" என்றாள் அக்கா.

"காபி யார் வீட்லயும் குடிக்க மாட்டேன். எங்க சபையில தப்பு."

"காபி குடிச்சா தப்பா? கதை வுடாதீங்க மாமா!"

மனுசன் திருதிருவென்று முழித்தார். நான்தான் போட்டு உடைத்தேன். "நாங்க தொட்டதைக் குடிக்க மாட்டீங்கன்னு நெனைக்கிறாங்க."

அவர் முகம் செத்துப்போனது. அக்கா புருசன் மூலையில் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். மாமன் பாய்ந்து போய், அவர் பாதி குடித்து வைத்த சொம்பைப் பிடுங்கி, அண்ணாந்து ஊற்றாமல் வாய் வைத்தே மடமடவென்று குடித்தார். தாடியெல்லாம் கூழ்.

"யோவ், அது என்னுது!" என்றார் அக்கா புருசன்.

"கூழு தப்பில்ல," என்றார் மாமன், மூச்சு வாங்க. "உப்புதான் ஜாஸ்தி."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "கூழு வேணும்னு மொதல்லயே கேட்டா இன்னா?" என்று அவரைத் திட்டிவிட்டு, தெருவையே ஒத்திகைக்கு இழுத்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாடினோம், ஆளுக்கொரு குரலில், ஒன்றாக. கடைசி வரியில் நான் பாட மறந்து, கைகாட்டும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். எட்டுக் குரலில் ஒன்று குறைந்தது மட்டும் அவர் காதுக்குத் தெரிந்திருக்கக் கூடாதே என்று இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.